பட்டினி கிடந்து நிறை கூடிய பாம்பு

நான் வேலை செய்வது ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். அதற்காக மூன்று வருடம், ஜேர்மனியில் அவுஸ்பில்டுங் என்று சொல்கிற தொழிற்பயிற்சியை முறைப்படி செய்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். கோயிலில் யாராவது கேட்டால் அம்மா, "மகள் நகரசபையின்ர தண்ணிப் பகுதியில" என்று சொல்வார். பொய் என்று சொல்ல முடியாது. எங்களிடம் வந்து சேர்வதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மிச்சத்தைப் பற்றி அம்மா பேசுவதில்லை. நான் பேசுவேன், அதுவும் சாப்பிடும்போது பேசுவேன். எங்கள் வீட்டில் நீண்டகாலமாக ஓடும் சண்டை அதுதான்.

ஆகவே வீட்டுக்கு ஒரு பாம்பு வந்தபோது, அதன் தலைப்பக்கத்தை விட வால்பக்கத்தில் நடப்பவற்றில் எனக்கு அக்கறை கூடுதலாக இருந்தது. தொழில் பழக்கம்.

பாம்பு, என்னோடு தொழிற்பள்ளியில் படித்த ஒருத்தியுடையது. அவள் வீடு மாறியபோது "ஒரு மாதத்துக்கு வைத்திரு" என்று கண்ணாடிப் பெட்டியோடு தந்துவிட்டுப் போனாள். இரண்டு வருடமாகிவிட்டது. ஒன்றேகால் மீற்றர் நீளம், செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள், நஞ்சில்லாத இனம், பெண். பெயர் வைக்கவில்லை. கூப்பிட்டு வரப்போகிற சாதியில்லை, வெளியே தெரிகிற காதும் இல்லை. அம்மா "உன்ர ஆள்" என்பார். அப்பா "பெடிச்சி" என்பார், சின்னப் பெண்ணைச் சொல்வதுபோல. வேலையிடத்தில் ஒருவர், நீங்கள் இந்துக்கள்தானே, இதை வணங்குவீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். இல்லை, நிறுப்போம் என்றேன்.

உண்மையாகவே நிறுத்தேன். கணினியில் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். கொடுத்த நாள், கொடுத்தது என்ன, அது எத்தனை கிராம், பாம்பு எத்தனை கிராம், வெளியே வந்த நாள், வந்ததின் நிறம், இறுக்கம், அதில் வெள்ளைப் பகுதி எவ்வளவு. கடைசி நிரலில் குறிப்புகள். பெரும்பாலும் "சாதாரணம்". ஒரே ஒரு இடத்தில் "அப்பாவின் செருப்பில்".

இதில் என்ன அப்படிச் சுவாரசியம் என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது இதுதான். சுண்டெலியைத் தலைப்பக்கமாக விழுங்கும். இரண்டு மூன்று நாள் நடுவுடம்பில் ஒரு புடைப்பு தெரியும், பிறகு மறையும். எலும்பும் கரைந்துவிடும். மயிரும் சிலவேளை பல்லும் மட்டும் கரையாது. ஐந்தாம் நாளளவில் அந்த மயிர்தான் கபிலநிறத்தில் விரல்போல் உருண்டு வெளியே வரும், பக்கத்தில் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைக் கட்டியோடு. அந்த வெள்ளைதான் மூத்திரம். தண்ணீரை வீணாக்காமல் உள்ளேயே உறிஞ்சிவிட்டு, மிஞ்சியதை யூரிக் அமிலமாகக் கட்டி வெளியே வைக்கிறது. எங்கள் நிலையத்தில் சேற்றிலிருந்து தண்ணீரைப் பிழிய லொறி அளவில் ஒரு இயந்திரம் இருக்கிறது. அது வாரத்துக்கு ஒருமுறை பழுதாகும். இந்தப் பெடிச்சி அதே வேலையை விரல் தடிப்புக் குடலுக்குள் சத்தமில்லாமல் செய்கிறாள். போதாததற்கு, சாப்பாடில்லாத நாட்களில் குடலைச் சுருக்கி ஆலையையே மூடிவிட்டுப் படுத்திருப்பாள். இரை விழுந்ததும் குடலும் ஈரலும் வீங்கி மறுபடி வேலை தொடங்கும். பீ, மூத்திரம், முட்டை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். நான்கு மாடிக் குடியிருப்பில் ஒரே குழாய் மாதிரி. அந்தக் கடைசி விடயம்தான் பிறகு எங்களுக்குப் பிரச்சினையானது.

அம்மா பாம்பை ஏற்றுக்கொண்டது மூன்று நிபந்தனைகளோடு. தீனிக்கு உறையவைத்த சுண்டெலிகள் குசினிக் குளிர்பெட்டிக்குள் வரக்கூடாது, நிலவறையில் தனிப்பெட்டி. வெள்ளிக்கிழமை தீனி இல்லை. கோயிலில் யாருக்கும் வாய் திறக்கக்கூடாது.

மூன்றாவதை மீறியது அம்மாவேதான்.

ஜூன் மாதம் கோயில் கொடியேற்றம். கொடியேற இரண்டு கிழமை முன்பே அம்மா விரதம் தொடங்கிவிடுவார், தேர் முடியும்வரை முழுசாக ஒரு மாதம். வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. முட்டைகூட இல்லை. அப்பாவும் பிடிக்க வேண்டும், நானும் பிடிக்க வேண்டும். போன வருடம் பாம்பைப் பற்றி அம்மா யோசிக்கவில்லை. இந்த வருடம் யோசித்தார்.

"வீட்டுக்குள்ள நாங்கள் மச்சம் தொடாமல் இருக்கேக்க, அது மட்டும் முழு எலியை விழுங்கிக்கொண்டு கிடந்தா என்ன நியாயம்?"

"அம்மா, அது பாம்பு."

"பாம்பெண்டா? ஒரு மாதம் இருக்க ஏலாதோ அதுக்கு?"

ஏலும். அதுதான் சிக்கல். வளர்ந்த பாம்புக்கு ஒரு மாதப் பட்டினி ஒன்றுமே இல்லை. நான் நேர்மையாக ஓம் என்றேன். விரதம் தொடங்க மூன்று நாள் முன்பு கடைசிச் சுண்டெலியைக் கொடுத்தேன். இரண்டாம் விரத நாளில் அது முறைப்படி வெளியே வந்தது. அட்டவணையில் "சாதாரணம்" என்று எழுதினேன். பாம்பை நிறுத்தேன், நானூற்றைம்பத்துநான்கு கிராம். அதோடு ஆலை மூடியாயிற்று.

அந்தக் கிழமையே கோயிலில் இருந்து ஓர் அக்கா தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டார்: "உங்கட வீட்டுப் பாம்பும் விரதமாமே?" அம்மா என்னைப் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்குள்ளிருந்து கேட்டது: "ஓமக்கா, பச்சைத் தண்ணி மட்டும்தான். நாங்கள் சொல்லேல்ல, தானாத்தான்."

அதற்கடுத்த கிழமை ஸ்டுட்கார்ட்டில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனேன். விடயம் சேற்று வாயு, அதை இங்கே விட்டுவிடுகிறேன். போகமுன் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்: தண்ணீர் மாற்றவும், வெப்பம் பார்க்கவும், வேறொன்றும் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பாம்பு சுருண்டு கிடந்தது. அப்பா வழக்கத்துக்கு மாறாக, பயணம் எப்படி, ரயில் நேரத்துக்கு வந்ததா என்று இரண்டு தரம் கேட்டார். ஜேர்மன் ரயிலைப் பற்றி யாரும் இரண்டு தரம் கேட்பதில்லை. நான் கவனித்திருக்க வேண்டும்.

அதற்கடுத்த வெள்ளி பெட்டியைத் துடைக்கும்போது பாம்பைத் தூக்கினேன். உடம்பின் கடைசிக் காற்பகுதியில், வால் தொடங்க முன்னே, கெட்டியான ஒரு வீக்கம். இரைப்பை இருக்கும் இடம் அதல்ல. சனியும் ஞாயிறும் பார்த்தேன். குறையவில்லை. அந்த வாசலைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. பாம்பு ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் கண்ணாடியோரமாக ஊர்ந்துகொண்டே இருந்தது. அட்டவணைப்படி உள்ளே எதுவும் இல்லை. எதுவும் இல்லாத இடத்தில் ஏதோ இருந்தது.

திங்கட்கிழமை மதியம் அப்பாவும் நானும் எசன் நகரில் ஊர்வன பார்க்கிற ஒரு மிருக வைத்தியரிடம் போனோம். பெரிய கைகளும் மெல்லிய குரலும் உள்ள பெண். ஊசியும் கத்தியும் எல்லா வைத்தியரிடமும் உண்டு, இவரிடம் பொறுமை உண்டு என்று முதல் பார்வையிலேயே நம்பிவிட்டேன். தடவிப் பார்த்தார். வயிற்றை ஸ்கான் செய்தார். திரையில் சாம்பல் நிறத்தில் நீளமான ஓர் உருண்டை.

"இது இரண்டில் ஒன்று," என்றார். "தங்கிப்போன முட்டை, அல்லது தங்கிப்போன மலம். ஆண் இல்லாமலும் சில பெண் பாம்புகள் முட்டை வைக்கும். கடைசியாக எப்போது சாப்பிட்டது?"

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. கைப்பையிலிருந்து அச்சிட்ட அட்டவணையை எடுத்து நீட்டினேன். இருபத்தைந்து நாளுக்கு முன். அது வெளியே வந்ததும் பதிவில் இருக்கிறது. அதன் பிறகு ஒன்றும் கொடுக்கவில்லை. வைத்தியர் தாளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் உங்களைப் போல எழுதி வைத்தால் என் வேலை பாதியாகும். அப்படியென்றால் மலமாக இருக்க வழியில்லை. முட்டைதான். இதற்கு மேல் விட்டால் உள்ளே பழுதாகிவிடும். புதன் காலை திறந்து எடுத்துவிடலாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் அந்த நிமிடம் பாம்பை வெட்டப்போகிறார்கள் என்பதை விட, என் அட்டவணையைப் பாராட்டினார்கள் என்பதுதான் மனதில் நின்றது. அப்பா கதவருகில் நின்று, சுவரில் இருந்த ஆமைப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மயக்க மருந்தின் அளவுக்காக உதவியாளர் பாம்பை நிறுத்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. நான் கையில் குறித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் காருக்குள் இருந்து அந்த எண்ணைக் கைத்தொலைபேசியில் அட்டவணைக்குள் போட்டேன். மேலே நானூற்றைம்பத்துநான்கு. கீழே ஐந்நூற்றுப் பன்னிரண்டு. நடுவில் சாப்பாடு: பூச்சியம்.

"அப்பா, ஐம்பத்தெட்டு கிராம் கூடியிருக்கு."

"தராசு பிழையாயிருக்கும், பிள்ளை," என்றார் அப்பா, நான் சொல்லி முடிக்க முன்னமே. பிறகு நாங்கள் இறங்க வேண்டிய நெடுஞ்சாலை வாயிலைத் தாண்டிப் போனார். இருபத்தைந்து வருடமாக ஓடுகிற பாதை.

என் தொழிலில் எல்லாம் ஒரே விதிக்குள் அடங்கும். உள்ளே வந்தது, வெளியே போனது, தங்கியது. இந்த மூன்றும் பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு குழாய் உங்களுக்குத் தெரியாமல் இணைக்கப்பட்டிருக்கிறது. முட்டை எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் அது பாம்பு ஏற்கெனவே சாப்பிட்டதிலிருந்துதான் வளரும். கொஞ்சம் தண்ணீர் சேரலாம். ஆனால் ஐம்பத்தெட்டு கிராம் காற்றிலிருந்து வராது. பச்சைத் தண்ணீரில் விரதம் இருந்து யாரும் பெருத்ததில்லை, சில சாமியார்களைத் தவிர.

வீட்டுக்கு வந்ததும் என் தராசில் அம்மாவின் ஒரு கிலோ சீனிப் பையை வைத்தேன். ஆயிரத்து நான்கு, கடதாசியோடு சேர்த்து. தராசு சரி. நிலவறைக்குப் போய்ச் சுண்டெலிகளை எண்ணினேன். பன்னிரண்டு, எல்லாம் இருந்தன. அப்படியென்றால் வெளியிலிருந்து.

இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில் ஆறு மணிக்கே. அன்று கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம். நான் அம்மாவிடமிருந்து தொடங்கினேன்.

"அம்மா, பாம்புக்கு ஏதும் குடுத்தனீங்களோ?"

"நானோ? அதின்ர தண்ணிக் கிண்ணத்தையே கரண்டியால தள்ளித்தான் வைக்கிறனான்."

"பால்?"

"உனக்கென்ன விசரோ? பாம்பு பால் குடிக்காதெண்டு எனக்குத் தெரியாதோ? படத்தில குடிக்கிறது வேற."

"அப்பா?"

அப்பா அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே உடைந்த துண்டுகளை மறுபடி உடைத்தார். "எனக்கேன் உந்த வேலை."

"புதன்கிழமை அதை வெட்டப்போகினம்," என்றேன்.

அம்மாவின் கரண்டி நின்றது. "வெட்டவோ? விரதத்துக்குள்ளேயோ?"

"உள்ளுக்க இருக்கிறது முட்டையெண்டா வெட்டத்தான் வேணும். சாப்பாடெண்டா வெட்டத் தேவையில்லை, வெந்நீர் போதும். டொக்டர் என்ர தாளைப் பாத்துத்தான் முட்டையெண்டு முடிவெடுத்தவ. தாள் பிழையெண்டா முடிவும் பிழை. அது மயக்கத்திலயிருந்து எழும்பாமலும் போகும். எனக்கு ஆர் குடுத்ததெண்டதில அக்கறையில்லை. என்ன குடுத்தது, எப்ப குடுத்தது, அவ்வளவும்தான்."

"எனக்கு அக்கறை இருக்கு," என்றார் அம்மா.

அப்பா அப்பளத் துண்டுகளைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"ஒரு எலி," என்றார் அப்பா கோப்பையைப் பார்த்து.

"சுண்டெலியோ, எலியோ?"

"எலி. கடைக்காரன் பாம்பு எவ்வளவு பெரிசெண்டு கேட்டான். நான் கையைக் காட்டினன்." முன்கையின் தடிப்பைக் காட்டினார். "மூண்டு கிழமையாச் சாப்பிடேல்லை எண்டும் சொன்னன். அவன் பாவப்பட்டுப் பெரிசா ஒண்டு எடுத்துத் தந்தான். உறைஞ்சதுதான். நீ ஸ்டுட்கார்ட் போன திங்கள்."

"அப்ப பதினொரு நாள்தான் ஆகியிருந்தது, அப்பா."

"எனக்கு மூண்டு கிழமை மாதிரித்தான் இருந்தது."

"உங்களுக்கோ, பாம்புக்கோ?" என்று அம்மா கேட்டார்.

அப்பா அந்த வினாடி வாயை மூடியிருந்தால் பாதியோடு தப்பியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம். உண்மை பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது.

"இஞ்சாரும், நான் சொல்லுறதைக் கேளும். வேலை முடிஞ்சு வரேக்க ஸ்டேசன்ல டோனர் இறைச்சிக் கடை. மணம். நான் ஒண்டு திண்டனான். பிறகு அடுத்த நாளும். வீட்டை வந்தா அது கண்ணாடிக்குள்ள இருந்து என்னையே பாக்குது. நான் திண்டுபோட்டு வாறன், அது பட்டினி கிடக்குது. மனச்சாட்சி குத்திச்சுது."

"அப்பா, பாம்புக்குக் கண்ணிமை இல்லை. அது எல்லாரையும் எப்பவும்தான் பாக்கும்."

"எனக்கு அப்பிடித் தெரியேல்ல."

"எத்தினை டோனர்?" என்றார் அம்மா.

"அது இப்ப எதுக்கு..."

"எத்தினை?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் எந்த அட்டவணையும் வைத்திருக்கவில்லை. "ஆறு," என்றார்.

அம்மா எழும்பினார். சண்டை வருமென்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "எலியை எதில வைச்சு உருக்கினியள்?"

"நிலவறையில. பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒண்டில."

"எந்தப் பெட்டி?"

எங்கள் வீட்டு நிலவறையில் ஐஸ்கிறீம் என்று எழுதிய பெட்டிகள் பதினொன்று இருந்தன. ஒன்றில்கூட ஐஸ்கிறீம் இல்லை. மிளகாய்த்தூள், ஒடியல் மா, கோயிலுக்குச் செய்து வைத்த பயற்றம் பணியாரம், மிச்சம் வெறும் பெட்டிகள். கழுவி, துடைத்து, அதே இடத்தில் வைத்ததாக அப்பா சொன்னார். அவ்வளவு நன்றாகக் கழுவியதால்தான் எது என்று தெரியவில்லை. அம்மா படியிறங்கிப் போய்ப் பதினொன்றையும் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார். பணியாரத்தோடு சேர்த்து. பிறகு கை கழுவினார், மிக நீண்ட நேரம்.

"நான் சனத்துக்கு என்னெண்டு முகத்தைக் காட்டுறது? பாம்பே விரதம் பிடிக்குதெண்டு சொல்லிப்போட்டன்."

"பாம்பு முறிக்கேல்ல," என்றார் அப்பா. "நான்தானே முறிச்சனான். அதுக்கு என்ன தெரியும்?"

"நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ."

செவ்வாய் காலை எட்டு மணிக்கு வைத்தியரை அழைத்தேன். என் வாழ்க்கையில் இதுவரை சொன்ன வசனங்களில் இது கடினமானவற்றுள் ஒன்று: என் தாளில் உள்ள தகவல் பிழையானது. இடையில் ஓர் எலி கொடுக்கப்பட்டிருக்கிறது, பதினைந்து நாளுக்கு முன், கடையில் சொன்னபடி தொண்ணூறு கிராம், கொடுத்தவர் என் தந்தை. "அந்தப் பாம்புக்குத் தொண்ணூறா?" என்றார் வைத்தியர். பிறகு ஒழுங்காகச் சொன்னார். முப்பது பாகை வெந்நீர், அரை மணி நேரம், இன்றைக்கு மூன்று தரம், விரலால் வால்பக்கமாக மெதுவாகத் தடவ வேண்டும், அமுக்கக் கூடாது. பெரிய இரை, குடித்த தண்ணீர் போதாது, அதனால் இறுகிப்போயிருக்கலாம். புதன் காலைக்குள் வந்தால் வெட்டத் தேவையில்லை. வராவிட்டால் அதுவும் முட்டையைப் போல ஆபத்துத்தான், வெட்டித்தான் எடுக்க வேண்டும். இன்று ஆறு மணிவரை இங்கே ஆள் இருக்கும்.

வேலைக்கு லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். அடைப்பு என்றேன். எங்கள் இடத்தில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

குளியல் தொட்டியை அம்மா தரவில்லை. உடுப்பு ஊறவைக்கும் நீலத் தொட்டி கிடைத்தது. வெப்பமானியை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அப்பாவின் வேலை, கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, நான் சொல்லும்போது ஒரு குவளை, நிறுத்து என்றால் நிறுத்துவது. சொந்தத் தகப்பனுக்கு நான் கட்டளையிட்டு அவர் மறுபேச்சில்லாமல் செய்தது அந்த ஒரு நாள்தான். முதல் குளிப்பில் பாம்பு நன்றாக நீந்தியது, வேறொன்றும் செய்யவில்லை. மதியம் இரண்டாவது. கொஞ்சம் வெள்ளைத் தண்ணீர் வந்தது. அப்பா "வந்திட்டுது, வந்திட்டுது" என்றார். வரவில்லை. வீக்கம் அப்படியே, கல்மாதிரி. தடவும்போது பாம்பு ஒரு முறை உடம்பை முறுக்கி என் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கியது. கடிக்கவில்லை. கடித்திருக்கலாம், நியாயம் அதன் பக்கம். அந்த இறுக்கத்தில்தான் எனக்கு முதல் தடவையாக உறைத்தது. ஒரு தாளை நம்பி இதை மேசையில் படுக்கவைத்துத் திறக்கச் சம்மதித்துவிட்டு வந்தவள் நான். அப்பா கொடுத்தது ஓர் எலி. நான் கொடுத்தது உறுதிமொழி.

மூன்றாவது, நாலு மணிக்கு. அம்மா குளியலறை வாசலில் வந்து நின்றார். கையில் சாம்பிராணி.

"புகை ஆகாது அம்மா, அதுக்கு மூச்சு முட்டும்."

"எனக்கும்தான் முட்டுது," என்றார். ஆனால் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு மறுபடி வந்தார். "வெளிக்குப் போச்சுதோ?"

"இல்லை."

"கொஞ்சம் கீழ்ப்பக்கமாப் பிடிச்சுத் தடவு. சின்னப் பிள்ளையளுக்கு வயித்தைத் தடவுற மாதிரி. இவ்வளவு படிச்சும் கை பழகேல்ல."

"நீங்கள் வந்து தடவுங்கோவன்."

"போடி."

இருபது நிமிடம் போனது. அப்பா ஆறாவது குவளை ஊற்றினார். பாம்பு திடீரென்று அசைவதை நிறுத்தியது. வாலைச் செங்குத்தாகத் தூக்கியது. அதை நான் நூறு தரம் பார்த்திருக்கிறேன், அந்த வாலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். "ஒருத்தரும் அசையாதேங்கோ," என்றேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பிராணியின் குதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் மஞ்சளாய்க் கல்போல ஒரு கட்டி, யூரிக் அமிலம், காய்ந்து இறுகிப்போனது. அடைப்பே அதுதான், ஒரு தக்கை மாதிரி. அதன் பின்னால் மிச்சம் எல்லாம். கறுப்பாக, நீளமாக, முடிவில்லாமல் வந்தது. எட்டு வருடமாக நான் இந்தத் துறையில் இருக்கிறேன். நாற்றத்தில் ஒரு தரவரிசை வைத்திருக்கிறேன். மேலே இருந்த இரண்டும் அன்றைக்கு ஒவ்வொரு படி கீழே இறங்கின. அப்பா கேத்தலோடு வெளியே ஓடினார். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்தில் நின்றார்.

"பாத்தியளோ?" என்று கூடத்தில் இருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னார். "இதாவது செய்ததை வெளியில விட்டுது. நீங்கள் பதினைஞ்சு நாள் வயித்துக்குள்ள வைச்சிருந்தனீங்கள்."

பாம்பைச் சுத்தத் தண்ணீரில் அலசி, விரலால் வயிற்றின் நீளத்துக்கும் தடவினேன். மெத்தென்று, சீராக, எங்கும் ஒரு தடங்கல் இல்லை. ஆனாலும் வைத்தியரிடம் இனி நினைப்பைச் சொல்லப்போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். கையுறை போட்டு, வேலைக்குக் கொண்டுபோகும் சல்லடையில் வந்ததை வைத்துக் கழுவினேன். கருமயிரும் வெண்மயிருமாகக் கம்பளித் துண்டுபோல ஒரு திரள். அதற்குள் மஞ்சள் நிறத்தில் வளைந்த இரண்டு பற்கள். முட்டைத்தோல் ஒரு துணுக்கும் இல்லை. கழுவமுன்பே நிறுத்திருந்தேன்: நாற்பத்தொரு கிராம். ஐம்பத்தெட்டில் மிச்சம் பாம்பின் உடம்பில் இறைச்சியாகச் சேர்ந்துவிட்டது, அது அதன் உரிமை.

நேரம் ஐந்து இருபது. குளியலறையில் நின்றபடியே எசனுக்கு அழைத்தேன். உதவியாளர் எடுத்தார். நாளைக் காலை வெட்டுவதற்குக் குறித்த டெர்மினை ரத்துச் செய்ய வேண்டும் என்றேன்.

"காரணம் பதிய வேண்டும்," என்றார்.

சொன்னேன். நிறம், நீளம், முன்னால் வந்த தக்கை, மயிர், பல், நாற்பத்தொரு கிராம். அவர் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது. இடையில் ஒரு தடவை, "நாற்பத்தொன்றா? பிரமாதம்," என்றார். பிறகு தொலைபேசியைக் கையால் மூடாமலே உள்ளே பார்த்து வைத்தியருக்குக் கத்தினார். உள்ளேயிருந்து யாரோ கைதட்டியது தெளிவாகக் கேட்டது.

அம்மா பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஜேர்மன் என்னளவு வரும், ஆனால் இப்படியான வேளைகளில் விளங்காதது போல இருப்பார்.

"என்னவாம்?"

"வெட்டத் தேவையில்லையாம். சந்தோசமாம். கை தட்டுகினம்."

"பீக்குக் கை தட்டுற சனம்," என்றார் அம்மா. சேலைத் தலைப்பை இன்னும் மூக்கிலிருந்து எடுக்கவில்லை. மற்றக் கையால் அலமாரியைத் திறந்து, நல்ல துவாய்களுக்கு அடியிலிருந்து ஒரு பழைய துவாயை இழுத்து என்னிடம் எறிந்தார். "ஈரத்தோட வைச்சிருக்காதை. குளிரப்போகுது அதுக்கு."